சாவியும் பொத்தானும் டிக்கெட்டும் ஒரே கார்டில் எப்படிச் சேரும்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாக ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதமாகக் கையால் வாழ்த்து அட்டை செய்து பார்க்கிறீர்கள். ஏழெட்டு ஸ்டாம்ப், ஒரு கறுப்பு இங்க் பேட், ஒரு வாட்டர்கலர் டப்பா வைத்திருக்கிறீர்கள். கூடவே வருடக்கணக்காகச் சேர்த்த பொத்தான்கள், பழைய பயண டிக்கெட்டுகள், ஒரு இரும்புச் சாவி, காய்ந்த இலைகள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் அழகு. சேர்த்து ஒட்டினால் மேசை டிராயரைக் கவிழ்த்துக் கொட்டிய மாதிரி ஆகிவிடுகிறது. மை கலங்குகிறது, அட்டை வளைகிறது, பொத்தான் மறுநாளே விழுந்துவிடுகிறது. "அடுத்து நான் என்ன வாங்க வேண்டும்?" என்று முடித்திருக்கிறீர்கள்.

வாங்குவதைப் பற்றிக் கேட்டிருந்தாலும், இந்தப் பொருள்கள் ஏன் ஒன்றோடொன்று சேர மாட்டேன் என்கின்றன என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன். அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கையில் ஏன் சேரவில்லை என்பது ஒன்று, கண்ணுக்கு ஏன் சேரவில்லை என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பதில் காகிதம், பசை, மை, ஈரம் ஆகியவற்றின் குணத்தில் இருக்கிறது. அதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். நான் முதலில் கற்றது புத்தக பைண்டிங். அங்கிருந்துதான் கார்டுக்கும், துண்டுகளைச் சேர்த்து ஒட்டிப் படமாக்கும் கொலாஜுக்கும் வந்தேன். பதினாறு வருடமாகச் செய்கிறேன், சொல்லியும் தருகிறேன். இரண்டாவது ரசனை சம்பந்தப்பட்டது. அதில் நான் சொல்வது என் பழக்கத்திலிருந்து வந்த தீர்ப்பு மட்டுமே. வேறொருவர் வேறு வழி சொன்னால் அதுவும் சரியாக இருக்கலாம். உங்கள் கார்டுகளை நான் பார்க்கவில்லை, நீங்கள் எழுதிய அறிகுறிகளை வைத்துத்தான் பேசுகிறேன் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டை வளைவதிலிருந்து தொடங்கலாம். இயந்திரத்தில் காகிதம் செய்யும்போது நார்கள் பெரும்பாலும் காகிதம் ஓடும் திசையிலேயே படிகின்றன. ஈரம் பட்டால் நார் நீளவாக்கில் அவ்வளவாக நீளாது, பக்கவாட்டில் பருக்கும். அதனால் தண்ணீர் கலந்த பசை தடவிய காகிதம் ஒரு திசையில் மட்டும் விரிகிறது. விரிந்த நிலையிலேயே அதை அட்டையில் ஒட்டிவிடுகிறோம். காய்ந்ததும் அது சுருங்கி, அடியில் இருக்கும் அட்டையையும் தன் பக்கம் இழுக்கிறது. வளைவு வருவது இப்படித்தான். இதற்கு பைண்டர்கள் காலங்காலமாகச் செய்யும் வைத்தியம் ஒன்று உண்டு. முன்பக்கம் ஒட்டிய அதே கனத்தில், நார் அதே திசையில் ஓடும் இன்னொரு தாளைப் பின்பக்கமும் ஒட்டிவிட வேண்டும். இரண்டு பக்கமும் சமமாக இழுத்தால் அட்டை நேராக நிற்கும். மடிக்கும் கார்டில் இது இன்னும் வசதி. உள்பக்கம் ஒட்டும் வெள்ளைத் தாள் வாழ்த்து எழுதும் இடமாகிவிடும், பொத்தான் தைத்த நூலின் முடிச்சுகளையும் மறைத்துவிடும்.

நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். அட்டையை மடிப்பு விழாமல் லேசாக வளைத்துப் பாருங்கள், முதலில் நீளவாக்கில், அப்புறம் குறுக்கே. எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ, அந்த வளைவுக்கு இணையாகத்தான் நார் ஓடுகிறது. கார்டின் நடு மடிப்பு அந்தத் திசையில் வந்தால் சுத்தமாக மடியும். எதிர்த்திசையில் வந்தால் மடிப்பு வெடித்து, உள்ளே இருக்கும் வெள்ளை நார் பல்லைக் காட்டும். மடிப்பதற்கு முன், மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து ஒரு கோடு அழுத்தி இழுத்துவிட்டால் போதும். அடிப்படை அட்டை 250 முதல் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) இருக்கட்டும். பிரிண்டருக்குப் போடும் சாதாரணத் தாள் 80 ஜிஎஸ்எம் அளவில்தான் இருக்கும், அது ஒரு சாவியைத் தாங்காது. ஏ5 தாளை இரண்டாக மடித்தால் ஏ6, அதாவது 105க்கு 148 மில்லிமீட்டர் கார்டு கிடைக்கும். அது சி6 உறையில், அதாவது 114க்கு 162 மில்லிமீட்டரில், கச்சிதமாக உட்காரும். ஆனால் பொத்தான் ஒட்டிய கார்டுக்கு உயரமும் உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். தட்டையான உறை போதாது. கொஞ்சம் பெரிய உறையும், கார்டின் மேல் வைக்க, பார்சல் பெட்டியில் இருக்கும் மாதிரி ஒரு நெளியட்டைத் துண்டும் வேண்டும்.

பொத்தான் விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் பசையின் தரம் இல்லை. வெள்ளைப் பசை கெட்டியாக வேண்டுமென்றால் அதிலிருக்கும் தண்ணீர் வெளியே போக வேண்டும். இரண்டு பரப்பில் ஒன்றாவது ஈரத்தை உறிஞ்ச வேண்டும், அப்போதுதான் பிடிப்பு வரும். அட்டையின் மேல் அக்ரிலிக் பெயிண்ட் அடித்து, அதன் மேல் பிளாஸ்டிக் பொத்தானை வைத்தால் இரண்டுமே உறிஞ்சாது. மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், அடியில் பசை நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். இன்னொன்று, நிறையப் பொத்தான்களின் அடிப்பக்கம் தட்டையாக இருப்பதில்லை. நடுவில் குமிழ் மாதிரி இருக்கும், அல்லது ஓரம் மட்டும் தொடும். ஒட்டும் பரப்பு ஒரு கடுகளவு என்றால் எந்தப் பசையும் பாவம்தான். பொத்தானுக்கு ஓட்டை இருப்பதே நூலுக்காக. தைத்துவிடுங்கள். ஊசியால் அட்டையில் முதலில் ஓட்டை போட்டுக்கொண்டு, இரண்டு சுற்று நூல் இழுத்து, பின்னால் முடிச்சுப் போட்டு, முடிச்சின் மேல் ஒரு துண்டுத் தாளை ஒட்டினால் வேலை முடிந்தது. சாவியையும் இப்படித்தான் இரண்டு இடத்தில் கட்ட வேண்டும். நூல் தெரியக்கூடாது என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அந்த நூல் தெரிவதுதான் பிடிக்கும். பார்க்கிறவருக்கு ஒரு கை வேலை செய்திருப்பது அங்கேதான் புரிகிறது.

ஒட்டித்தான் ஆக வேண்டும் என்ற பொருள்களுக்கு, அடிப்பக்கத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, கெட்டியான அக்ரிலிக் ஜெல் மீடியம் (பசையாகவும் உதவும் களிம்பு) வைத்து, ஒரு நாள் முழுக்க அசைக்காமல் விடுங்கள். ஹாட் க்ளூ வேகமாகப் பிடிக்கும், ஆனால் வழுவழுப்பான பரப்பிலிருந்து கட்டியாகவே பெயர்ந்துவிடும், சூடான இடத்தில் வைத்தால் இளகும். ரப்பர் சொல்யூஷனும் சாதாரண செல்லோ டேப்பும் வேண்டவே வேண்டாம். வருடங்கள் போகப் போக இரண்டும் மஞ்சளித்து, காகிதத்துக்குள் இறங்கிக் கறையாகிவிடும். பழைய ஆல்பங்களில் இந்தக் கறையை நிறையவே பார்த்திருக்கிறேன், அது போவதில்லை. மெல்லிய தாள்களை ஒட்டும்போது பசையை மெலிதாக, ஓரம் வரை தடவி, மேலே பட்டர் பேப்பர் வைத்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் இரவு முழுக்க அழுத்திவையுங்கள். ஓரம் வரை என்பது முக்கியம். நடுவில் ஒரு சொட்டு வைத்து அழுத்தினால் ஓரங்கள் தூக்கிக்கொள்ளும்.

இனி மை. உங்கள் இங்க் பேட் எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை. கலங்குகிறது என்பதை வைத்துப் பார்த்தால் தண்ணீரில் கரையும் சாய மை என்று ஊகிக்கிறேன். ஊகம்தான். ஐந்தே நிமிடத்தில் நீங்களே சோதிக்கலாம். ஒரு துண்டுத் தாளில் ஸ்டாம்ப் அடித்து, நன்றாகக் காயவிட்டு, ஈரத் தூரிகையால் ஒரே இழுப்பு இழுங்கள். சாம்பல் நிறத்தில் கோடு நீண்டால் அதன் மேல் வாட்டர்கலர் அடிக்க முடியாது. பொதுவாக மூன்று வகையைத் தெரிந்துகொண்டால் போதும். சாய மையில் நிறம் திரவத்தில் கரைந்திருக்கும். காகிதத்துக்குள் இறங்கி உடனே காயும், வெளிச்சத்தில் சீக்கிரம் வெளிறும். பிக்மென்ட் மையில் நிறம் நுண்துகள்களாக மிதக்கும். காகிதத்தின் மேலேயே தங்கும், காய நேரமெடுக்கும், வெளிச்சத்தை நன்றாகத் தாங்கும். சால்வென்ட் மை கண்ணாடி, உலோகம், பிளாஸ்டிக் போன்ற உறிஞ்சாத பரப்புகளுக்கானது. ஜன்னலைத் திறந்துவைத்துப் பயன்படுத்த வேண்டும். இவை தவிர, தண்ணீரில் அசையாத மை என்று தனியாகவே எழுதி விற்கும் பேடுகள் உண்டு. வாட்டர்கலருக்கு உங்களுக்குத் தேவை அதுதான். ஆல்கஹால் மார்க்கர் பயன்படுத்தினால் கணக்கு மாறும். தண்ணீரைத் தாங்கும் மை ஆல்கஹாலில் கரையலாம். ஆகவே எந்த இரண்டையும் முதன்முறை சேர்க்கும்போது துண்டுத் தாளில் பார்த்துவிட்டுத்தான் கார்டுக்குப் போக வேண்டும்.

எம்பாசிங் பவுடர் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அது இந்த மைச் சிக்கலை வேறு வழியில் தீர்க்கிறது. மெதுவாகக் காயும் பிசுபிசுப்பான மையில் ஸ்டாம்ப் அடித்து, பவுடரைத் தூவி, மிச்சத்தைத் தட்டி எடுத்துவிட்டு, ஹீட் கன்னால் சூடு காட்டினால் அது உருகி வழவழப்பான மேடாகிவிடும். அந்த மேட்டின் மேல் வாட்டர்கலர் ஒட்டாது, பக்கத்துக் கட்டத்துக்குள் வழியவும் வழியாது. தலைமுடி காயவைக்கும் டிரையரால் இதைச் செய்ய முடியாது. அதன் சூடு போதாது, காற்றும் பவுடரை ஊதித் தள்ளிவிடும்.

ஸ்டாம்ப் அடிக்கும் விதத்திலும் கொஞ்சம் கவனம் வேண்டும். பேடின் மேல் ஸ்டாம்பை அழுத்திப் பிசையாதீர்கள். பெரிய ஸ்டாம்பாக இருந்தால் ஸ்டாம்பை மேல்நோக்கிப் பிடித்து, பேடை அதன் மேல் தட்டித் தட்டி மை ஏற்றுங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கோடுகள் மட்டும் பளபளக்க வேண்டும், பள்ளங்களில் மை தேங்கக்கூடாது. காகிதத்தில் வைத்ததும் ஆட்டாமல் நேராக அழுத்தி நேராகத் தூக்குங்கள். ஒளி ஊடுருவும் க்ளியர் ஸ்டாம்ப் என்றால் தாளுக்கு அடியில் மெல்லிய ரப்பர் விரிப்பு ஒன்றைப் போட்டால் முழுதாகப் பதியும். புது க்ளியர் ஸ்டாம்பில் மை திட்டுத்திட்டாக நின்றால் பயப்பட வேண்டாம். பென்சில் ரப்பரால் மேற்பரப்பை லேசாகத் தேய்த்துவிடுங்கள், சரியாகிவிடும்.

இப்போது நீங்கள் சேர்த்துவைத்திருக்கும் பழைய பொருள்களின் டப்பாவுக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு மறக்க முடியாத ஒரு இழப்பு உண்டு. ஆரம்ப காலத்தில், நெருங்கிய சினேகிதி ஒருத்திக்காக ஒரு பேனல் செய்தேன். நாங்கள் இருவரும் சேர்ந்து போன முதல் நீண்ட பயணத்தின் டிக்கெட்டை நடுவில் ஒட்டி, சுற்றிலும் ஸ்டாம்ப் அடித்த அலைகள், மேலே ஒரு பித்தளைக் கொக்கி. சில வருடம் கழித்து அவள் வீட்டில் அதைப் பார்த்தேன். அலைகள் அப்படியே இருந்தன. கொக்கி கொஞ்சம் கறுத்து முன்பைவிட அழகாகியிருந்தது. நடுவில் மட்டும் ஒரு வெற்றுத் தாள். தேதி, இருக்கை எண், ஊர்ப் பெயர் எதுவும் இல்லை. சாய்த்துப் பிடித்தால் மட்டும் எழுத்துகளின் நிழல் தெரிந்தது. அது தெர்மல் தாள். அதில் மையே கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் ஒரு பூச்சுதான் எழுத்தைக் காட்டுகிறது. வெளிச்சமும், சில பசைகளும், பிளாஸ்டிக் உறைகளில் இருக்கும் ரசாயனமும் அந்த எழுத்தை அழித்துவிடும். வெயில் படும் காரில் வைத்தால் எதிர்மாறாக மொத்தமும் கறுத்துவிடும். அவள் அந்தப் பேனலை இன்னும் கழற்றவில்லை. ஆனால் அந்த டிக்கெட்டை நான் ஒட்டுவதற்கு முன் ஒரு நகல் எடுத்திருக்கலாம்.

உங்கள் டிக்கெட்டுகளில் எது தெர்மல் என்று கண்டுபிடிக்க, எழுத்தில்லாத ஒரு ஓரத்தை நகத்தால் வேகமாகக் கீறிப் பாருங்கள். உராய்வின் சூட்டில் கறுப்புக் கோடு விழுந்தால் அது தெர்மல். அதை ஸ்கேன் செய்து, லேசர் பிரிண்டரில் அச்செடுத்து, அந்த நகலை ஒட்டுங்கள். லேசர் அச்சில் இருப்பது உருக்கி ஒட்டிய டோனர் தூள், ஈரம் பட்டாலும் கலங்காது. சாதாரண இங்க்ஜெட் அச்சு பசை பட்டதும் பெரும்பாலும் பரவிவிடும். செய்தித்தாளுக்கும் இதே வழிதான். மரத்தை அரைத்த கூழில் செய்யும் அந்தத் தாளில் லிக்னின் (மரத்தின் நார்களைப் பிணைக்கும் பொருள்) நிறைய இருப்பதால் வெளிச்சத்தில் மஞ்சளித்து நொறுங்கும். அந்த மஞ்சள்தான் வேண்டும் என்றால் தாராளமாக ஒட்டுங்கள், ஆனால் அது இன்று இருக்கும் நிறத்தில் நிற்காது. கடையில் "ஆசிட் ஃப்ரீ" என்று எழுதியிருக்கும் தாள் நல்லதுதான். ஆனால் அந்தச் சொல் லிக்னின் இல்லை என்றும் உறுதி தருவதில்லை, நிறம் வெளிறாது என்றும் சொல்வதில்லை.

காய்ந்த இலையின் பச்சை போய்விடும். இதை எந்த வார்னிஷும் நிறுத்தாது, நிறமே கரைந்து பழுப்பாகும். ஒட்டத்தான் வேண்டுமென்றால், உறிஞ்சும் தாள்களுக்கு நடுவே இரண்டு மூன்று வாரம் அழுத்தி, நடுவில் தாளை மாற்றி, கையில் எடுத்தால் காகிதம் மாதிரி சரசரக்கும் வரை காயவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். ஈரம் மிச்சம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். ஆனால் இலையை ஒட்டுவதைவிட ஸ்டாம்பாகப் பயன்படுத்துவதே எனக்கு உயர்வாகத் தோன்றுகிறது. நரம்பு புடைத்திருக்கும் அடிப்பக்கத்தில் மையைத் தட்டி, தாளில் கவிழ்த்து, மேலே இன்னொரு தாள் வைத்து விரலால் நரம்பு நரம்பாகத் தேய்த்து எடுங்கள். பறித்த இலையே இதற்குப் போதும். அந்த அச்சு வருடக்கணக்கில் நிற்கும். நெளியட்டையின் உள்பக்கம், மரத்துண்டில் சுற்றிய நூல், பாட்டில் மூடி, சாவியின் தட்டைப் பக்கம் எல்லாமே இப்படி ஸ்டாம்ப்தான்.

சாவி துருப்பிடித்திருந்தால் அதோடு தண்ணீர்ப் பசை சேர்ந்து இன்னும் துருவேறும், ஆரஞ்சு நிறக் கறை காகிதத்தில் இறங்கும். கறை அழகாகவே இருக்கும். ஆனால் இரும்புத் துரு நாளடைவில் காகிதத்தின் நாரையே அரிக்கும் தன்மை கொண்டது. சில மாதம் மேசையில் நிற்கப்போகும் கார்டுக்கு அதைப் பற்றிக் கவலை வேண்டாம். சட்டம் போட்டு மாட்டப்போகிறீர்கள் என்றால், சாவியைக் கம்பி நாரால் தேய்த்து, முழுதும் காயவைத்து, மெழுகோ தெளிவான வார்னிஷோ பூசிவிட்டு, நூலால் கட்டுங்கள். எதைச் செய்வதற்கு முன்பும் இது எவ்வளவு நாள் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொள்வது நல்லது. எல்லாக் கார்டையும் நூறு வருடத்துக்குச் செய்ய வேண்டியதில்லை.

சரி, இனி கண்ணுக்கு ஏன் சேரவில்லை என்ற கேள்வி. இங்கிருந்து நான் சொல்வது தீர்ப்பு. என்னிடம் கற்க வருபவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது, எல்லாப் பொருளுக்கும் சம மரியாதை கொடுத்துவிடுவது. பட்டாம்பூச்சி ஸ்டாம்ப், "வாழ்த்துகள்" ஸ்டாம்ப், சாவி, மூன்று பொத்தான், டிக்கெட், இலை எல்லாம் வரிசையாக, ஒன்றையொன்று தொடாமல், ஒரே அளவில் நிற்கும். கண்ணுக்கு எங்கே முதலில் போவது என்று தெரியாது. ஒரு கார்டில் ஒரு பொருள்தான் தலைவர். அதை முதலில் தேர்ந்தெடுங்கள். மற்ற எல்லாமே அதற்காக வர வேண்டும், நிறத்தையும் அதனிடமிருந்தே வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு உதவாதது டப்பாவுக்கே திரும்பிப் போகட்டும், அதற்கும் ஒரு கார்டு வரும்.

ஜெர்மனியின் ஹனோவரில் கர்ட் ஷ்விட்டர்ஸ் என்ற கலைஞர் 1919 வாக்கில் இதே மாதிரிப் பொருள்களை எடுத்துக்கொண்டார். டிராம் டிக்கெட், உறைக் காகிதம், கம்பி, மரத்துண்டு. அந்தக் காலத்திலேயே ரப்பர் ஸ்டாம்பை வைத்துச் சித்திரமும் செய்திருக்கிறார். தன் கலைக்கு அவர் வைத்த மெர்ஸ் என்ற பெயரே, ஒரு வங்கியின் பெயரிலிருந்த கொம்மெர்ஸ் என்ற சொல் கிழிந்து கொலாஜில் மிஞ்சிய துண்டு. அவருடைய கொலாஜ்களைக் கூர்ந்து பார்த்தால் டிக்கெட் டிக்கெட்டாக மட்டும் நிற்பதில்லை. பழுப்பு நிற நீள்சதுரமாகவும் வேலை செய்கிறது, பக்கத்து நீலத் துண்டின் ஓரத்தைப் பிடித்துக்கொள்கிறது. நாம் டிக்கெட்டின் கதையில் மயங்கிவிடுகிறோம். கார்டைப் பார்ப்பவருக்கு அந்தக் கதை தெரியாது. அவருக்குத் தெரிவது வடிவமும் நிறமும்தான்.

இன்னொருவர் இங்கிலாந்தின் மேரி டெலானி. 1772இல், 72 வயதில், வண்ணக் காகிதத்தைத் துணுக்குத் துணுக்காக வெட்டி மலர்களைச் செய்யத் தொடங்கினார். கண் மங்கும்வரை சுமார் ஆயிரம் செய்தார், அவை பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. சிலவற்றில் நிஜச் செடியின் பாகத்தையும் சேர்த்திருக்கிறார். ஆயிரம் வெவ்வேறு செடிகள் ஒரே குடும்பமாகத் தெரிவதற்கு அவர் செய்த ஒரே காரியம், எல்லாவற்றையும் கறுப்புப் பின்னணியில் வைத்தது. பின்னணிக்கு அவ்வளவு பலம் உண்டு. நீங்கள் வெள்ளை அட்டையில் நேராக ஒட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். பளீர் வெள்ளையில் ஒவ்வொரு பொருளும் தனியாக நிற்கும். முதலில் ஜெஸ்ஸோவை, அதாவது வண்ணத்துக்கு அடியில் பூசும் வெள்ளைப் பூச்சை, மெலிதாகப் பழைய அட்டைத் துண்டால் தாறுமாறாக இழுத்து, காய்ந்ததும் பழுப்போ சாம்பலோ நீர்த்த வண்ணமாக ஒரு பூச்சுக் கொடுங்கள். ஜெஸ்ஸோ மேடு பள்ளங்களில் வண்ணம் தங்கும். அதன் மேல் சாவியை வையுங்கள், அப்போதே பாதி சேர்ந்துவிடும்.

ஸ்டாம்பை முழுப் படமாகவே பார்ப்பதும் ஒரு தடை. ஸ்டாம்பின் கோடு கூர்மையானது, தட்டையானது, அச்சடித்த மாதிரி சுத்தமானது. பழைய பொருள் தேய்ந்தது, நிழல் விழுவது. பக்கத்தில் வைத்தால் இரண்டும் வெவ்வேறு உலகம். இரண்டையும் நெருங்க வைக்க, ஸ்டாம்பைப் பரப்பின் அமைப்பாகப் பயன்படுத்துங்கள். முதல் அச்சை வேறு தாளில் எடுத்துவிட்டு, மீந்த மையில் இரண்டாவது வெளிர் அச்சை மட்டும் கார்டில் வையுங்கள். பாதி படம் அட்டையின் ஓரத்துக்கு வெளியே போகட்டும். எழுத்து ஸ்டாம்பின் ஒரு மூலையை மட்டும் அடியுங்கள், வாசிக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை. அப்புறம் அதே மையை விரலில் தொட்டு, டிக்கெட்டின் கிழிந்த ஓரங்களிலும் லேசாகத் தடவுங்கள். ஒரே மை இரண்டிலும் பட்டதும் இரண்டும் உறவாகிவிடும்.

சாவிக் கார்டு ஒன்றை நான் எப்படிச் செய்வேன் என்று சொல்கிறேன். பூசிக் காய்ந்த பின்னணியில் சாவியை நடுவிலிருந்து சற்றுக் கீழே, கொஞ்சம் சாய்த்து வைப்பேன். அதன் அடியில் டிக்கெட் நகல், சாவியின் தலை டிக்கெட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சமாவது ஏறினால்தான் கூட்டம் ஆகும். மூன்று பொத்தானில் இரண்டை எடுத்துவிட்டு, துருவின் நிறத்துக்கு அருகில் வரும் ஒன்றை மட்டும் மேல் மூலைப் பக்கம் வைப்பேன். எதையும் ஒட்டாமல் ஒரு போட்டோ எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்ப்பேன். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் சாவிக்குப் பின்னால் வெளிர் நிறம் போதவில்லை என்று அர்த்தம். அங்கே கொஞ்சம் ஜெஸ்ஸோ தேய்ப்பேன். சாவியைத் தூக்கிவிட்டு, அது கிடந்த இடத்துக்கு ஒரு நூலிழை வலப்பக்கம் தள்ளி, சாம்பல் வாட்டர்கலரில் அதன் நிழலை வரைவேன். இந்த ஒரு பூச்சில்தான் பொருள் காகிதத்தின் மேல் உட்காருகிறது. கடைசியில் டிக்கெட்டை ஒட்டி, சாவியைக் கட்டி, பொத்தானைத் தைப்பேன். அட்டையில் மூன்றில் ஒரு பங்காவது சும்மா இருக்க விடுவேன். அந்தக் காலி இடத்தை நிரப்பக் கை பரபரக்கும். அப்போது எழுந்து போய்விட்டு, மறுநாள் வந்து பாருங்கள்.

வாங்குவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள் அல்லவா? 300 ஜிஎஸ்எம் அட்டை, தண்ணீரில் கலங்காத ஒரு கறுப்பு மை, சின்ன டப்பா ஜெஸ்ஸோ. இவ்வளவுதான். புது ஸ்டாம்ப் வேண்டாம். ஆசை விடவில்லை என்றால் ஒரு பென்சில் ரப்பரை எடுத்து நீங்களே செதுக்குங்கள். டிரேசிங் பேப்பரில் மென்மையான பென்சிலால் படத்தை வரைந்து, வரைந்த பக்கத்தை ரப்பரின் மேல் கவிழ்த்து நகத்தால் தேய்த்தால் படம் இடவலம் மாறி ரப்பரில் பதியும். அதைச் செதுக்கி அச்செடுத்தால் நீங்கள் வரைந்தபடியே நேராக வரும். எழுத்துக்கும் இதுவே வழி. கத்தியைக் கோட்டிலிருந்து வெளிப்பக்கம் சாய்த்து வெட்டுங்கள், கோட்டுக்கு அடியில் மலை மாதிரி அகலமான அடித்தளம் நிற்க வேண்டும். உள்பக்கம் சரித்து வெட்டினால் அடி மெலிந்து, நாலைந்து அச்சில் கோடு பிய்ந்துவிடும். செதுக்கிய ரப்பரைப் பிளாஸ்டிக் டப்பாவில் நேராகப் போட்டுவைக்காதீர்கள். வினைல் ரப்பரில் இருக்கும் மென்மையாக்கி கசிந்து டப்பாவோடு ஒட்டிக்கொள்ளும், தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றிவையுங்கள். முதலில் செதுக்க, உங்கள் சாவியின் தலையையே எடுத்துக்கொள்ளலாம். அதைத் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டாலே படம் தயார்.